மதிற்சுவரும் நகர மன்றமும்

கிரீஸ் என்றவுடன் ஏதென்சும் சாக்ரடீசும் நினைவுக்கு வருவது அரசியல் அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இயல்பு. நான் இங்கு எழுதப் புகுவது அந்தக் கிரீசைப் பற்றி அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் மாநகரை ஒட்டி, ஏறத்தாழ 94,000 மக்கள் வாழும் ஊர் ஒன்றுக்கும் கிரீஸ் என்றே பெயர். அந்த ஊரின் ஆட்சிக் குழு மாதந்தோறும் கூடும்போது சொல்லப்பட்ட ஒரு சிறு பிரார்த்தனை, 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தை ஐந்துக்கு நான்கு என்று இரண்டாகப் பிளந்தது. சாலை விளக்கும் சாக்கடையும் பேச வேண்டிய இடத்தில் ஆண்டவன் பெயரைச் சொல்லலாமா, சொன்னால் யார் சொல்வது, கேட்க விரும்பாதவன் என்ன செய்வது என்பவையே அங்கு எழுந்த கேள்விகள்.

அரசும் திருச்சபையும் மோதிக்கொண்ட கதையைப் படிக்கும்போது, மன்னர்களும் போப்பாண்டவர்களும்தான் நம் கண்முன் வருகிறார்கள். ஆனால் அமெரிக்க வழக்குகளைப் புரட்டப் புரட்ட எனக்குத் தோன்றியது வேறு. அங்கே இந்தச் சண்டை பெரும்பாலும் தலைநகரில் நடக்கவில்லை. தெருமுனையிலும், நகராட்சிப் பூங்காவிலும், மாவட்ட நீதிமன்ற மாடிப்படியிலும், நகர மண்டபத்துக் கொடிக்கம்பத்திலும் நடந்திருக்கிறது. பேச்சுரிமையும் மத நடுநிலையும் சில வேளைகளில் கைகோத்து நிற்கின்றன. வேறு சில வேளைகளில் ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்கின்றன. இந்த இரண்டாவது நிலைதான் என்னை ஈர்த்தது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாக நோக்குவோம். 1791-இல் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம் ஒரே வாக்கியத்தில் பல தளைகளைப் போடுகிறது. மதத்தை நிறுவுவது பற்றிக் காங்கிரஸ் சட்டம் இயற்றலாகாது. மத வழிபாட்டைத் தடுக்கலாகாது. பேச்சையும் பத்திரிகையையும் கட்டுப்படுத்தலாகாது. கவனிக்க, தளை காங்கிரசுக்கு மட்டுமே. மாநிலங்களை அது அன்று கட்டுப்படுத்தவில்லை. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1833 வரை அரசு ஆதரவு பெற்ற திருச்சபை முறை நீடித்தது என்பதைப் படித்தபோது நான் வியப்படைந்தேன்.

திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே மதிற்சுவர் என்ற சொல்லாட்சி அரசியலமைப்பில் எங்குமே இல்லை. தேர்வு விடைத்தாளில் அது அரசியலமைப்பின் வாசகம் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்! 1802 சனவரி முதல் நாள், கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டு சங்கத்தாருக்கு ஜெபர்சன் எழுதிய கடிதத்தில்தான் அந்த உவமை வருகிறது. ஆட்சியாளருக்கு வேண்டிய சபையின் கீழ்ச் சிறுபான்மையினராக வாழ்ந்தவர்கள் அந்தப் பாப்டிஸ்டுகள். ஆகவே, மதத்துக்கு எதிராக நாத்திகர் கட்டிய சுவர் என்று அதனைக் கருதுவது தவறு. சுவர் வேண்டும் என்று கேட்டவர்களே பக்தர்கள்தாம்.

1868-இல் வந்த பதினான்காம் திருத்தத்தின் வழியாக இத்தளைகளை மாநிலங்கள் மீதும், அவற்றின் கீழுள்ள உள்ளாட்சிகள் மீதும் பூட்டியது உச்ச நீதிமன்றம். அந்த வேலையை அது இருபதாம் நூற்றாண்டில்தான் செய்தது. மத உரிமையைப் பொறுத்தவரை இதற்கு வழிவகுத்தவர்கள் பெரிய மதத்தினர் அல்லர். வீடு வீடாகச் சென்று நூல் கொடுக்கும் 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற சிறு பிரிவினரே முன்னின்றனர்.

ஜார்ஜியா மாநிலத்தில் கிரிபின் என்றொரு சிறு நகரம். நகர மேலாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றி எந்த நூலையும் துண்டுப் பிரசுரத்தையும் வழங்கக்கூடாது என்பது அந்நகர விதி. லவல் என்ற பெண்மணி தம் சபையின் பிரசுரங்களை அனுமதி பெறாமல் வழங்கினார். ஐம்பது டாலர் அபராதம், கட்டத் தவறினால் ஐம்பது நாள் சிறை என்று தீர்ப்பாயிற்று. அனுமதி கேட்டிருக்கலாமே என்று நாம் எண்ணுவோம். அந்த அம்மையாரின் பதில்தான் வழக்கின் உயிர்நாடி. ஆண்டவன் தம்மை அனுப்பியிருக்கும்போது நகர மேலாளரிடம் போய் அனுமதி கேட்பது ஆண்டவனுக்குக் கீழ்ப்படியாமை ஆகும் என்றார் அவர். 1938-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. பத்திரிகைச் சுதந்திரம் நாளேடுகளுக்கு மட்டும் உரியதன்று, துண்டுப் பிரசுரமும் பத்திரிகையே என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிமன்றம் அவருடைய சமயக் காரணத்தை ஏற்றுக்கொண்டு இதைச் சொல்லவில்லை. எந்த மனிதனும் பேசுமுன் ஓர் அதிகாரியின் கையொப்பத்துக்காகக் காத்து நிற்கலாகாது என்று பொதுப்படச் சொன்னது. ஆண்டவனுக்காக ஒரு பெண்மணி மறுத்தது, அதன் பின்னர்த் தொழிற்சங்கக்காரனுக்கும் தேர்தல் வேட்பாளனுக்கும் பயன்பட்டது.

அடுத்து 1940-இல் கான்ட்வெல் வழக்கு. நியூ ஹேவன் நகரில் கத்தோலிக்கர்கள் மிகுதியாக வாழும் தெருவில், தந்தையும் இரு மகன்களும் கையில் கிராமபோனை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கேட்கச் சம்மதித்தவரிடம் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார்கள். அது கத்தோலிக்கச் சபையைக் கடுமையாகத் தாக்கும் பேச்சு. கேட்ட இருவருக்குக் கோபம் பொங்கியது. அடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றிற்றாம். ஆனால் போகச் சொன்னதும் அந்த இளைஞர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்டனையை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. சமயமும் அரசியலும் பேசுமிடத்தில் மிகைப்படுத்தலும் வசையும் கலந்தே வரும், அதற்காக வாயை அடைக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் போக்கு. மத உரிமைத் தளை மாநிலங்களையும் கட்டும் என்று தெளிவாகச் சொன்னதும் இத்தீர்ப்பே.

இந்தப் பிரிவினரின் வழக்குகள் நம் நாட்டு நீதிமன்றத்திலும் ஒலித்தன. கேரளத்தில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் உடன் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டபோது, அமெரிக்காவில் இதே பிரிவினர் கொடி வணக்கம் பற்றி நடத்திய வழக்குகளையும் எடுத்து ஆராய்ந்தது. பேச்சுரிமை என்பதில் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. எழுந்து நிற்பது, நில்லாதிருப்பது, வாய் திறப்பது, திறவாதிருப்பது ஆகிய இவற்றின் எடை எவ்வளவு என்பதைக் கிரீஸ் நகரக் கதைக்குள் நுழையுமுன் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆட்சியே பேசும்போது

இதுவரை கண்டவற்றில் குடிமகன் பேசினான், ஊராட்சி தடுத்தது. ஊராட்சியே பேசத் தொடங்கினால்?

ரோட் ஐலண்டு மாநிலத்துப் பாடக்கெட் நகரம் கிறிஸ்துமஸ் காலத்தில் கடைவீதிப் பூங்காவில் ஓர் அலங்காரம் அமைக்கும். சாண்டா கிளாசின் வீடு, கலைமான்கள், மரம் ஆகியவற்றுடன் இயேசு பிறப்புக் குடிலும் இருக்கும். குடிலுக்கு நகரம் 1973-இல் கொடுத்த விலை 1,365 டாலர். 1984-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதனை அனுமதித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பிட்ஸ்பர்க் நகரில் மாவட்ட நீதிமன்ற மாடிப்படியில் தனியே வைக்கப்பட்ட குடில் ஆகாது என்றது. ஆனால் சற்றுத் தொலைவில் வேறோர் அரசுக் கட்டடத்தின் முன், 45 அடி கிறிஸ்துமஸ் மரத்தின் அருகே நின்ற 18 அடி உயர யூத விளக்குத் தண்டு இருக்கலாம் என்றது. இரண்டும் ஒரே வழக்கு, ஒரே நாள் தீர்ப்பு. பக்கத்தில் கலைமான் நின்றால் குற்றமில்லை போலும் என்று பலர் நகையாடினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆயினும் அதன் பின்னே நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் வைத்த ஒரு கேள்வி இருந்தது. இந்தக் காட்சி ஒரு மதத்தினரை ஊரின் உள்ளாட்களாகவும் மற்றவர்களை வெளியாட்களாகவும் காட்டுகிறதா? 2022-இல் பிரெமர்ட்டன் பள்ளி வழக்கில் நீதிமன்றம் இந்த அளவுகோலைக் கைவிட்டு, வரலாறும் மரபும் என்ன சொல்கின்றன என்று பார்க்கப் போவதாகக் கூறிவிட்டது. சட்டத்திலிருந்து நீக்கப்பட்டாலும் அக்கேள்வி என் மனத்திலிருந்து நீங்கவில்லை.

இனிக் கிரீசுக்கு வருவோம். அவ்வூரில் முன்னாளில் கூட்டம் தொடங்குகையில் சற்று நேரம் மௌனமாக இருப்பார்கள். 1999 முதல் மௌனத்துக்குப் பதிலாக உள்ளூர்க் குருமார் ஒருவரை அழைத்துப் பிரார்த்திக்கச் சொன்னார்கள். ஊழியர் ஒருவர் ஊரிலுள்ள சபைகளின் பட்டியலை எடுத்துத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைப்பார்; வர இசைந்தவர் வருவார். பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் கிறிஸ்தவச் சபைகள். ஆகவே 1999 முதல் 2007 வரை பிரார்த்தித்தவர் அனைவரும் கிறிஸ்தவர்களே. யூதப் பெண்மணி ஒருவரும், கடவுள் நம்பிக்கையற்ற பெண்மணி ஒருவரும் முறையிட்டார்கள். அதன் பின்னர் 2008-இல் யூதர் ஒருவரும், பஹாய் சமயத்தவர் ஒருவரும், விக்கா என்னும் பிரிவின் பூசாரிணி ஒருவரும் பிரார்த்தித்தார்கள். வழக்கு நடந்தது. பிரார்த்தனையே வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கை அன்று. எல்லோருக்கும் பொதுவான கடவுளைக் குறிப்பதாக இருக்கட்டும் என்பதே.

எங்கள் துறை மன்றக் கூட்டத்தில் இந்த வழக்கைப் பற்றி நான் பேசியபோது, என் பெருமதிப்புக்குரிய விரிவுரையாளர் ஒருவர், "ஒரு நிமிடம் எழுந்து நிற்பதால் யாருக்கு என்ன குறைந்துவிடும், தம்பி? பிடிக்காதவர் வெளியே போய் நின்றுவிட்டு வரலாமே?" என்று கேட்டார்கள். மண்டபம் சிரித்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது அந்தப் பெண்மணிகள் சிறு விஷயத்தைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்றே பட்டது. "அதுவும் சரிதான், ஐயா" என்று சொல்லி அமர்ந்துவிட்டேன்.

உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பும் ஏறத்தாழ அவ்வழியே சென்றது. நீதிபதி கென்னடி எழுதிய அத்தீர்ப்பு, முதல் காங்கிரஸ் 1789-இலேயே பிரார்த்தனைக்குக் குருமார்களை நியமித்ததை எடுத்துக்காட்டியது. நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் சம்பளம் பெற்ற குருவின் பிரார்த்தனையை 1983-இல் தானே அனுமதித்ததையும் நினைவூட்டியது. வயது வந்தவர்கள் தமக்கு உடன்பாடற்ற பேச்சைக் கேட்கப் பழகியவர்கள் என்றது. இவற்றையெல்லாம்விட வலுவானதாக எனக்குத் தோன்றியது வேறொரு வாதம். பிரார்த்தனை பொதுவானதாகத்தான் இருக்க வேண்டும் என்று விதித்தால், எந்தச் சொல் பொது, எந்தச் சொல் தனி என்று யார் பிரிப்பது? நகர எழுத்தர் பாதிரியாரின் தாளை வாங்கிச் சிவப்பு மையால் அடிப்பாரா? அவ்வாறாயின் அது கிரிபின் நகர மேலாளரின் அனுமதிச் சீட்டை வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவருவதே ஆகும். அரசு மதத்தைத் தொடாதிருக்க வேண்டும் என்று தொடங்கி, அரசே பிரார்த்தனையைத் திருத்தும் இடத்தில் வந்து முடியும். இந்த வாதத்துக்கு மறுமொழி எளிதன்று.

ஆனால் நீதிபதி எலினா கேகன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் படித்தபோது, அன்று மன்றத்தில் நான் அமர்ந்திருக்கக் கூடாது என்று உணர்ந்தேன். அவர் நெப்ராஸ்கா தீர்ப்பை மறுக்கவில்லை. சட்டமன்றம் வேறு, ஊர்க் கூட்டம் வேறு என்றார். சட்டமன்றத்தில் குடிமக்கள் மேல்மாடத்திலிருந்து வேடிக்கை பார்ப்பவர்கள். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் ஏதேனும் கேட்க வந்தவர்கள். கிரீஸ் நகரில் குருவானவர் ஆட்சிக் குழுவுக்கு முதுகைக் காட்டி மக்களை நோக்கி நின்றுதான் பிரார்த்தித்தார். அங்கே ஒரு முஸ்லிம் குடிமகன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் நீதிபதி. தெருவுக்கு ஒரு போக்குவரத்து விளக்கு வேண்டும், அல்லது வீட்டைக் கட்டுவதில் விதியிலிருந்து ஒரு சலுகை வேண்டும். அவனுடைய விண்ணப்பம் அந்த ஒரு சிலரின் கையில் இருக்கிறது. அவர்கள் கண்ணெதிரே, இயேசுவின் பெயரால் பிரார்த்திக்க எழுமாறு அழைப்பு வருகிறது. அவன் எழுந்தால் தன் நம்பிக்கைக்குப் பொய். எழாவிட்டாலோ, வெளியேறினாலோ, விண்ணப்பத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் முன் தன்னை வேறுபட்டவன் என்று தானே அறிவித்துக்கொண்டவன் ஆகிறான்.

விரிவுரையாளர் ஐயா கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு நிமிடம் எழுந்து நிற்பதில் குறைவது ஒன்றுமில்லை, எழுந்து நிற்பவனுக்கு ஒன்றும் வேண்டியிராத இடத்தில். வேண்டியிருக்கும் இடத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு விலை உண்டு. தலைநகரின் அமைச்சரை ஆயுளில் ஒரு முறையேனும் நேரில் காணாதவர்கள் நம்மில் பலர். குடிநீர் இணைப்புக்கும் வீட்டு வரிக்கும் நாம் போய் நிற்பது உள்ளாட்சி மன்றத்தில்தான். அங்கே முகம் தெரியும், பெயர் தெரியும், யார் எழுந்தார் யார் எழவில்லை என்பதும் தெரியும்.

கேகன் அம்மையாரின் தீர்வு பிரார்த்தனையைத் தணிக்கை செய்வதன்று. பல மக்கள் கூடியிருப்பதை நினைவில் வைத்துப் பேசுமாறு குருமார்களைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது பல சமயத்தவரையும் அழைத்திருக்கலாம் என்பதுதான். இது நடைமுறையில் எளிதா என்றால், பீனிக்ஸ் நகரைப் பாருங்கள். 2016-இல் அங்கே 'சாத்தான் ஆலயம்' என்னும் அமைப்பினர் தமக்கும் ஒரு முறை பிரார்த்திக்க இடம் கேட்டார்கள். (இவர்கள் சாத்தானை உண்மையென்று நம்பி வணங்குவோர் அல்லர், அரசும் மதமும் கலப்பதை எதிர்ப்போர்.) நகர மன்றத்தார் திகைத்து, பிரார்த்தனையே வேண்டாம், மௌனம் போதும் என்று ஐந்துக்கு நான்கு வாக்கில் முடிவெடுத்தார்கள். மக்களின் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே காவல், தீயணைப்புத் துறைகளின் குருமார் மட்டும் பிரார்த்திக்கலாம் என்று மாற்றினார்கள். கதவை எல்லோருக்கும் திறந்து வைப்பது, வேண்டாதவர் வந்து நிற்கும் வரை எளிதாகத்தான் இருக்கும்!

கம்பத்தில் ஏறிய கொடி யாருடையது?

யூட்டா மாநிலத்து பிளசன்ட் குரோவ் நகரப் பூங்காவில், பத்துக் கட்டளைகள் பொறித்த கல் ஒன்று 1971-இல் நன்கொடையாக வைக்கப்பட்டது. 'சம்மம்' என்ற புதிய சமயத்தினர் தம் ஏழு மொழிகளைப் பொறித்த கல்லையும் வைக்க இடம் கேட்டார்கள். நகரம் மறுத்தது. பூங்காவில் நிலையாக நிறுத்தும் நினைவுச் சின்னம் நகரத்தின் சொந்தப் பேச்சு, எதைப் பேசுவது என்பது அதன் விருப்பம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பூங்காவில் நின்று பேசும் மனிதனுக்கு இடமுண்டு. நிலையாக நிற்கும் கல்லுக்கு இல்லை.

பாஸ்டனில் இது தலைகீழாயிற்று. நகர மண்டபத்தின் முன் 83 அடி உயரத்தில் மூன்று கம்பங்கள். மூன்றாவதில் வழக்கமாகப் பறப்பது நகரக் கொடி. ஆனால் விழா நடத்தும் குழுக்கள் கேட்டால் அதனை இறக்கி அவர்கள் கொடியை ஏற்றுவார்கள். 2005 முதல் 2017 வரை 284 விழாக்களில் ஏறத்தாழ 50 வகைக் கொடிகள் ஏறின. ஒரு விண்ணப்பமும் மறுக்கப்படவில்லை. 2017-இல் ஓர் அமைப்பு கிறிஸ்தவக் கொடியை ஏற்ற விரும்பியதும், மதிற்சுவர் இடிந்துவிடுமே என்று அஞ்சி அதிகாரி மறுத்தார். 2022-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நகரம் செய்தது தவறு என்றார்கள். கொடியைப் பார்க்காமலே அனுமதித்து வந்த நகரம், திடீரென்று இது என் பேச்சு என்று சொல்ல இயலாது. பிறர் பேச்சுக்குக் கம்பத்தைத் திறந்துவிட்டால் மதப் பேச்சுக்கு மட்டும் மூடலாகாது என்பது தீர்ப்பு. இதில் எனக்கு முழு உடன்பாடு. கிறிஸ்தவக் கொடி ஏறியது. பின்பு நகரம் விதியை மாற்றி, மேயரோ நகர மன்றமோ அதிகாரபூர்வமாக ஏற்கும் கொடிகள் மட்டுமே இனி ஏறும் என்று வைத்துக்கொண்டது.

கிரீஸ் தீர்ப்பு விட்டுச்சென்ற இடைவெளி ஒன்று உண்டு. அங்கே பிரார்த்தித்தவர் வெளியிலிருந்து வந்த குரு. மன்ற உறுப்பினர்களே பிரார்த்தனை நடத்தினால்? வட கரோலினாவின் ரோவன் மாவட்டத்தில் ஐந்து ஆணையர்களும் முறை வைத்துத் தாமே பிரார்த்தித்தார்கள். அவற்றில் 97 விழுக்காடு கிறிஸ்தவப் பிரார்த்தனைகள். 2017-இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இது கூடாது என்றது. அதே ஆண்டில் மிச்சிகனின் ஜாக்சன் மாவட்டத்தில் நடந்த இதே செயலை ஆறாம் வட்ட நீதிமன்றம் ஒன்பதுக்கு ஆறு என்று அனுமதித்தது. ஒரே நாடு, ஒரே திருத்தம், இரு வேறு சட்டம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் விசாரிக்க மறுத்துவிட்டது.

ஜாக்சன் வழக்கைத் தொடுத்தவர் கிறிஸ்தவர் அல்லர், இயற்கையை வழிபடுபவர். மாவட்டச் சுற்றுச்சூழல் காரியங்களில் ஆர்வமுள்ளவராதலால் கூட்டங்களுக்கு வருபவர். ஒரு கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து, இந்தப் பிரார்த்தனை முறை சரியன்று என்று தம் கருத்தை எடுத்துரைத்தார். அவர் நீதிமன்றத்தில் கூறியபடி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆணையர் ஒருவர் முகத்தைச் சுளித்து, தம் நாற்காலியைத் திருப்பி, அவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். ஒன்பது நீதிபதிகள் வழக்கின் முடிவை மாற்ற அது போதாது என்று கருதினார்கள். கேகன் அம்மையார் கற்பனையாகச் சொன்ன குடிமகன் அங்கே உயிரோடு நிற்பதாகவே எனக்குப் பட்டது. அடுத்த மன்றக் கூட்டத்தில் விரிவுரையாளர் ஐயாவிடம் அந்த நாற்காலியைப் பற்றித்தான் சொல்லவிருக்கிறேன்.